சனிக்கிழமை மாத்திரை

அந்தப் பொட்டலத்தை மேல வச்சிருங்க தம்பி. மடியில வேண்டாம். பிரியாணிதானே? தெரியுது, நீங்க ஏறும்போதே வாசம் வந்திருச்சு. கோவிச்சுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை, சாப்பிடற வயசு, சாப்பிடுங்க. நான் இறங்கினதுக்கு அப்புறம் சாப்பிடுங்க. நான் தேனி. நீங்களும் தேனியா? அப்ப வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க.

ஜன்னல் சீட்டைக் கேக்காமலே குடுத்தீங்க, நல்லா இருங்க. அதுக்காகப் பெருசுக்கு பஸ் ஒத்துக்காதுன்னு நெனச்சிராதீங்க. எனக்கா? முப்பது வருஷத்துக்கு மேல பஸ்ஸுதான் பொழப்பு. கண்டக்டரா ஏறினேன், செக்கிங் இன்ஸ்பெக்டரா இறங்கினேன். பரமானந்தம்னு சொன்னா இந்த ரூட்ல பழைய ஆளுகளுக்குத் தெரியும். கொடைக்கானல் வளைவுல படிக்கட்டுல நின்னுக்கிட்டே போயிருக்கேன், ஒரு நாள் வயித்தைப் புரட்டினதில்ல. இப்ப இருக்கறது பித்தம். வெளிச் சாப்பாடு. ஓட்டல்காரன் எண்ணெயை எத்தனை தடவை காய்ச்சறானோ. எங்க வீட்டுக்காரி இப்ப வீட்டுல இல்ல, தேனியில மக வீட்டுல இருக்கா. அவளைக் கூப்பிடத்தான் போறேன்.

சண்டையான்னு கேக்கறீங்க. கேக்கலையா? மூஞ்சியில கேட்டீங்க. எனக்கு மூஞ்சியைப் பாத்தாப் போதும் தம்பி, அதான் எங்க தொழில். டிக்கெட் எடுத்தவன் மூஞ்சி வேற, எடுக்காதவன் மூஞ்சி வேற.

ஒண்ணு சொல்றேன் கேளுங்க. நாங்க ரோட்டோரம் நின்னு கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்துவோம். நிறுத்தின உடனே எவனாவது ஒருத்தன் வாயைப் பொத்திக்கிட்டு படிக்கட்டுக்கு ஓடி வருவான். வாந்தி வருதாம், வழி விடணுமாம். புதுசா வந்த இன்ஸ்பெக்டருங்க பதறிப்போய் வழி விட்டுருவாங்க. அவன் கீழ இறங்கி ரெண்டு தடவை காறித் துப்பிட்டு அப்படியே காட்டுக்குள்ள நடையைக் கட்டிருவான். நான் விடமாட்டேன். "டிக்கெட்டைக் காட்டிட்டு வாந்தி எடுடா"ம்பேன். பாதிப் பேருகிட்ட டிக்கெட் இருக்காது. மீதிப் பேரா? என் சட்டையிலயே எடுத்திருக்கானுக. தொழில்னா அதெல்லாம் இருக்கும்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, வாந்தின்னு சொன்னதும் நம்புற ஆள் நான் இல்ல. அது அவளுக்கும் தெரியும்.

அவ பேரு தமயந்தி. தையல்காரி. எங்க தெருவுல அவ தச்ச ஜாக்கெட்டைப் போடாத பொம்பளை கிடையாது. அவளுக்கு முடக்குவாதம் வந்து பல வருஷம் ஆச்சு. சரவாங்கின்னும் சொல்வாங்க. காலையில எந்திரிச்சா கை மடங்காது, விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கிடக்கும். மூட்டு டாக்டரம்மா ஒண்ணு இருக்கு, அது ஒரு மாத்திரை எழுதிக் குடுத்துச்சு. பொடிப் பொடியா, மஞ்சளா இருக்கும். வாரத்துல ஒரே ஒரு நாள்தான் போடணும். தெனமும் போட்டா ஆளையே கொன்னுரும்னு டாக்டரம்மா நாலு தடவை சொல்லுச்சு. அதோட இன்னொரு சத்து மாத்திரை, அது வேற நாள்ல. அதுவும் பொடிசு, அதுவும் மஞ்சள். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, ரெண்டும் மஞ்சள்.

மாத்திரை கேட்டுச்சு. நான் இல்லேன்னு சொல்லல. வீக்கம் வத்துச்சு, மறுபடி மெஷின்ல உக்காந்தா. ஆனா போட்ட மறுநாள் முழுக்க வாந்தி, குமட்டல். அதனால சனிக்கிழமை ராத்திரி போட்டுக்குவா. ஏன் சனிக்கிழமை? ஞாயிறு தையலுக்கு லீவு. யாரு ஜாக்கெட்டும் கெடக்கூடாது. என் ஞாயித்துக்கிழமை கெட்டாப் பரவாயில்ல.

நாம என்ன கேக்கறோம் தம்பி? வாரத்துல ஒரு நாள் கறிச்சோறு. ஆறு நாள் கண்ட டீக்கடையில கண்டதைத் தின்னு டூட்டி பாத்தவன், ஏழாவது நாள் வீட்டுல ஒரு கறிக்குழம்பு கேக்கக்கூடாதா? ரிட்டையர் ஆனப்புறமும் பழக்கம் பழக்கம்தானே. அவ சமைக்கலேன்னு சொல்லமாட்டேன். சமைப்பா. மூக்கைச் சுத்தி துண்டைக் கட்டிக்குவா. வெங்காயம் வதக்கறப்ப ஒரு தடவை பாத்ரூமுக்குப் போவா, மசாலா போட்டதும் ஒரு தடவை போவா. குக்கர் விசில் அடிக்கறப்ப அங்கதான் இருப்பா. உப்பு பாக்கமாட்டா. நாக்குல வைக்க முடியலையாம். ஒரு வாரம் உப்பு கூடும், ஒரு வாரம் கொறையும். நான் இலையில உக்காருவேன், அங்க சத்தம் வரும். நானும் மனுஷன்தானே? டிவி சத்தத்தைக் கூட்டி வச்சுட்டுச் சாப்பிடுவேன்.

"கறியைப் புதன்கிழமை எடுத்துக் குடுங்களேன், நல்லாச் செஞ்சு தர்றேன்"னா ஒரு நாள். புதன்கிழமை யாராவது கறிக்கடையில போய் நிப்பானா தம்பி? நாலு பேரு என்ன நெனப்பான்?

டாக்டரம்மா சொல்லிக் குடுத்ததெல்லாம் செய்வா. ராத்திரிச் சாப்பாட்டை நேரத்தோட முடிச்சுட்டு அதுக்கு மேல மாத்திரை. வாந்தியை நிறுத்தற மாத்திரை அதுக்கு முன்னாடி. நெறையத் தண்ணி. மறுநாள் வெறும் பொரி, ஆறின ரசஞ்சோறு, எண்ணெய் இல்லாத இட்லி, கொஞ்சம் கொஞ்சமா. அவளா கண்டுபிடிச்சதும் உண்டு. எலுமிச்சங்காயைக் கீறி மோந்துக்கிட்டே இருப்பா. காய்தான், பச்சையா இருக்கணும். பழுத்து மஞ்சளா இருந்தா வேண்டாம். ஏன்னா மஞ்சளைப் பாத்தாலே குமட்டுதாம்! கேட்டீங்களா கதையை? மாத்திரை மஞ்சளா இருக்கறதால மஞ்சள்னு எது இருந்தாலும் ஆகாதாம். பருப்பு ஆகாது. சாமந்திப்பூ ஆகாது. முகத்துக்கு மஞ்சள் பூசறதை விட்டுட்டா. அதுவரைக்கும் பொறுத்தேன். ஒரு நாள் வந்து, "என்னங்க, இந்தத் தாலிக் கயிறு கண்ணுல படறப்பல்லாம் கொமட்டுது. தாலியைச் செயின்ல கோத்துப் போட்டுக்கிடவா?"ன்னா.

எனக்கு எரிஞ்சுச்சு. எங்க குடும்பத்துல கயிறுதான். எங்க அம்மா சாகற வரைக்கும் கயிறுதான் போட்டுருந்துச்சு. புருஷன் கட்டின கயித்தைப் பாத்து ஒருத்திக்கு வாந்தி வருதுன்னா அந்தப் புருஷன் என்ன நெனைக்கணும்? நீங்களே சொல்லுங்க. அப்பதான் எனக்குச் சந்தேகம் விழுந்துச்சு. இது டிக்கெட் எடுத்த வாந்தியா, எடுக்காத வாந்தியா?

சனிக்கிழமை மாத்திரையைக் கையில வச்சதுமே ஆரம்பிச்சிருவா. இன்னும் வாயிலயே போடல, "வாய் ஊறுது"ம்பா. நான் கேலி பண்ணுவேன். "நாளைக்குக் கறின்னதும் உனக்கும் வாய் ஊறுதா?"ன்னு. "அது இல்லீங்க, பசிக்கு ஊறறது வேற. இது வாந்திக்கு முன்னாடி ஊறற தண்ணி. ரெண்டு தாடைக்கும் அடியில இருந்து குபுகுபுன்னு வரும்"பா. மாத்திரை உள்ள போகாம வாந்தி எங்க இருந்து தம்பி வரும்? பஸ்ஸே கெளம்பல, அதுக்குள்ள டிக்கெட் கிழிச்ச கணக்கால்ல இருக்கு!

சரி, ஒரு செக்கிங் போட்டுப் பாத்துருவோம்னு முடிவு பண்ணேன். ஆடி மாசம் ஆரம்பிச்சேன். அவ விரல்ல பலம் கெடையாது, அட்டையில இருந்து மாத்திரையைப் பிதுக்க வராது. நான்தான் பிதுக்கிப் பிதுக்கி அவ உள்ளங்கையில வைப்பேன். எத்தனை புருஷன் செய்வான் இதை? ஆடியில இருந்து சனிக்கிழமைச் சனிக்கிழமை அந்த மூட்டு மாத்திரைக்குப் பதிலா சத்து மாத்திரையைப் பிதுக்கி வச்சேன். ரெண்டும் மஞ்சள்னு சொன்னேன்ல? கண்ணாடி போடாம அவளுக்கு ஊசிக் காதே தெரியாது, மாத்திரையா தெரியப்போகுது?

முத சனிக்கிழமை என்ன ஆச்சுன்னு நெனைக்கறீங்க? கையில வச்சேன். "வாய் ஊறுது"ன்னா. முழுங்கினா. மறுநாள் அதே துண்டு, அதே எலுமிச்சங்காய், பாத்ரூம்ல அதே சத்தம். வெறும் சத்து மாத்திரைக்கு! மாட்டிக்கிட்டா பாத்தீங்களா? எனக்கு அன்னைக்குக் கறி அவ்வளவு ருசியா இருந்துச்சு. உப்புக்கூடச் சரியா இருந்த மாதிரி இருந்துச்சு.

உடனே சொல்லியிருக்கலாமேன்னு நீங்க கேக்கலாம். ஒரு தடவை பிடிச்சா, தெரியாம நடந்துருச்சும்பாங்க. நாலஞ்சு தடவை பிடிச்சாத்தான் கேஸ் நிக்கும். தொழில் தெரிஞ்சவன் அவசரப்படமாட்டான். புரட்டாசி வரைக்கும் பாத்தேன், ஐப்பசி வரைக்கும் பாத்தேன். ஒரு ஞாயிறு தவறாம வாந்தி எடுத்தா. சாமி சத்தியமா, ஒரு ஞாயிறு தவறல.

கைதானே? வரேன், அதுக்குத்தான் வரேன். வீக்கம் வந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு. காலையில சீப்பைப் பிடிக்க முடியல, மக ஊருல இருந்து வந்து தலை பின்னி விட்டுட்டுப் போனா. தீபாவளி நேரம், தையல் குமிஞ்சு கிடக்கு, இவளால கத்திரியை விரிக்க முடியல. ஊசியில நூல் கோக்க என்னையக் கூப்பிடுவா. நான் கோத்துக் குடுத்தேன் தம்பி. எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டு எந்திரிச்சுப் போய் கோத்துக் குடுத்தேன். அதை இப்ப யாரும் பேச மாட்டேங்கறாங்க.

டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனதும் நான்தான். அது கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. "இவ்வளவு நாள் கட்டுக்குள்ள இருந்துச்சேம்மா. மாத்திரையை ஒழுங்காப் போடறீங்களா, வாந்திக்குப் பயந்து விட்டுறீங்களா?"ன்னுச்சு. இவளுக்கு வந்துச்சே ஒரு ரோஷம். "ஒரு வாரம் தவறல டாக்டர். இவரே தன் கையால பிதுக்கிக் குடுக்கறார்"னு என்னையக் காட்டினா. டாக்டரம்மா என்னையப் பாத்து, "எல்லா வீட்டுக்காரரும் இப்படி இருந்தா என் வேலை பாதி கொறைஞ்சிரும்"னுச்சு. பக்கத்துல இருந்த நர்ஸம்மாவும் திரும்பிப் பாத்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு எனக்கு. டூட்டியில இருந்தவரைக்கும் ஒருத்தன் என்னையப் பாராட்டினதில்ல.

டாக்டரம்மா மாத்திரை அளவை ஏத்துச்சு. "வாந்தி இவ்வளவு இருந்தா ஊசியா மாத்திப் பாக்கலாம், நெறையப் பேருக்கு ஊசியில குமட்டல் கொறையுது"ன்னுச்சு. இவ என் மூஞ்சியைப் பாத்தா. "அதெல்லாம் வேண்டாம் டாக்டர், மாத்திரையே போதும், நான் பாத்துக்கறேன்"னு நான் சொன்னேன். ஊசி எதுக்கு? நடிப்புக்கு ஊசி போட்டா நிக்குமா? அளவை ஏத்தினதைப் பத்தியும் எனக்குப் பயமில்ல. நான் குடுக்கறது சத்து மாத்திரைதானே, ஒண்ணு கூடப்போனா என்ன, கெடுதலா பண்ணப்போகுது?

தீபாவளிக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்தாங்க. மக பேரு சுபாஷினி. தீபாவளி முடிஞ்ச ஞாயிறு, எல்லாரும் இலையில உக்காந்திருக்கோம். பாத்ரூம்ல சத்தம். மாப்பிள்ளை கையை இலையில வச்சுக்கிட்டு, "பாவம் அத்தை, அவங்களை விட்டுட்டு நாம எப்படிச் சாப்பிடறது?"ன்னாரு. என் வீட்டுல உக்காந்துக்கிட்டு! அப்ப நான் என்ன, பாவம் புண்ணியம் தெரியாதவனா? அந்த வார்த்தைதான் தம்பி என்னைய எழுப்பி விட்டுச்சு.

"தமயந்தி, வெளிய வா"ன்னு கூப்பிட்டேன். மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டு வந்து நின்னா. எல்லாரு முன்னாடியும் சொன்னேன். "ஆடியில இருந்து நீ சனிக்கிழமை முழுங்கறது வெறும் சத்து மாத்திரை. மூட்டு மாத்திரை அத்தனையும் அலமாரியில என் சட்டைக்கு அடியில இருக்கு. இப்பச் சொல்லு, இந்த வாந்தி எங்க இருந்து வந்துச்சு?"

செக்கிங்ல மாட்டினவங்க ஒண்ணு அழுவாங்க, இல்ல சண்டைக்கு வருவாங்க. இவ ரெண்டும் செய்யல. ரெண்டு கையையும் தூக்கித் தன் மூஞ்சிக்கு நேரா வச்சுப் பாத்தா. அப்புறம் என்னையப் பாத்தா.

"அப்ப இந்தக் கை?"ன்னா.

நான் சொன்னேன், "நான் கையைப் பத்தியா பேசறேன்? வாந்தியைப் பத்திப் பேசறேன்"னு. சரியாத்தானே சொன்னேன்? பேச்சை மாத்தினா விட்டுருவேனா?

அதுக்கு மேல அவ எங்கிட்டப் பேசல. மகதான் பேசினா. என்னென்ன பேச்சு! "அப்பா, நீங்க மனுஷனா?"ன்னா. பெத்த மக கேக்கற கேள்வியா இது? கறி இலையில ஆறிப்போச்சு. சாயங்காலம் கெளம்பிட்டாங்க, அவளையும் கூட்டிக்கிட்டு. அவ புடவையைக்கூட மடிக்க முடியாம சுருட்டி சுருட்டிப் பையில திணிச்சா. நான் மடிச்சுத் தரேன்னு போனேன். பையை நகத்தி வச்சுட்டா. வலிச்சுச்சு தம்பி. இல்லேன்னு சொல்லமாட்டேன்.

அங்க போய் டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்காங்க. டாக்டரம்மா என்ன சொல்லுச்சாம் தெரியுமா? அந்த வாந்தியும் நெசம்தானாம். வருஷக்கணக்கா அந்த மாத்திரையால பட்டதால, அந்த மஞ்சளைப் பாத்த உடனே வயிறு தானா முந்திக்குமாம். உடம்பு பழகிக்குமாம். வயித்துக்குக் கண்ணு இருக்கா தம்பி? நீங்க படிச்ச புள்ள, கேள்விப்பட்டிருக்கீங்களா? தலையை ஆட்டறீங்க. ஆமாங்கறீங்களா இல்லைங்கறீங்களா? விடுங்க.

வலது கையில மோதிர விரல் கோணிப்போச்சாம். இனி நிமிராதாம். அதை என் தலையில கட்டறாங்க. வயசானா கோணாதா? எங்க அம்மாவுக்கும் கோணித்தான் இருந்துச்சு.

கார்த்திகையில ஒரு தடவை போய்ப் பாத்தேன். வெளி ரூம்ல உக்கார வச்சாங்க. தமயந்தி எட்டிப் பாத்தா. கழுத்துல செயின், தாலி செயின்ல தொங்குது. ஊசிக்கு மாத்திட்டாங்களாம். "இப்ப அம்மாவுக்கு வாந்தி பெருசா இல்லப்பா. போன ஞாயிறு மீன் கொழம்பு ஊத்திச் சாப்பிட்டாங்க"ன்னு மக சொல்றா, எங்கிட்டயே. பாத்தீங்களா? என் வீட்டுல ஞாயித்துக்கிழமை எறங்காத சோறு அங்க எறங்குது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

நானும் மானஸ்தன்தான். திரும்பி வந்துட்டேன். வந்த ஞாயிறு நல்ல மெஸ்ஸுல கறிச்சோறு வாங்கிட்டு வந்து, இலையைப் போட்டு, டிவியை வச்சு உக்காந்தேன். பழக்கத்துல சத்தத்தைக் கூட்டினேன். அப்புறம் எதுக்குக் கூட்டறோம்னு கொறைச்சேன். வீட்டுல ஒரு சத்தமில்ல. ஒரு வாய் வச்சேன், தொண்டையில நிக்குது. எண்ணெய் சரியில்லேன்னு மறுவாரம் வேற மெஸ்ஸுல வாங்கினேன். அங்கயும் அதே எண்ணெய். அப்புறம் பக்கத்து வீட்டுல குக்கர் விசில் அடிச்சாலே ஒரு மாதிரி இருக்கு. வேற ஒண்ணுமில்ல, பித்தம். நாட்டு வைத்தியர்கிட்டயும் கேட்டேன், அவரும் பித்தம்னுதான் சொன்னாரு. ஞாயித்துக்கிழமை மட்டும் வர்ற பித்தம் இருக்கான்னு கேக்காதீங்க, இருக்கும்.

பையில பாருங்க, எலுமிச்சங்காய். பச்சைதான். அவளுக்கில்ல, எனக்கு. கொஞ்சம் மோந்தா நல்லாத்தான் இருக்கு.

இன்னைக்கு எதுக்குப் போறேன்னு சொல்லிடறேன். போன வாரம் மகளுக்கு போன் போட்டேன். "உங்க அம்மாகிட்டக் கேளு, நான் மன்னிச்சுட்டேன், வர்றாளான்னு கேளு"ன்னேன். போனை அவகிட்டயே குடுத்துட்டா. அப்புறம் மெதுவாச் சொன்னா, "நீங்க பிதுக்கிப் பிதுக்கி வப்பீங்கள்ல, அந்தக் கையை நெனச்சாலே எனக்கு வாய் ஊறுது"ன்னு. அவ்வளவுதான், வச்சுட்டா.

வாய் ஊறுதுன்னா என்ன அர்த்தம் தம்பி? ஆசைன்னுதானே? ஊருல யாரைக் கேட்டாலும் அதான் அர்த்தம். அந்தக் கையைத் தேடுறா. அதான் கெளம்பிட்டேன். நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க?

உசிலம்பட்டி தாண்டிருச்சா? காத்தே இல்ல. ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளுங்க. அந்தப் பொட்டலம், மேல வச்சும் வாசம் கீழ எறங்குது. மசாலா வாசம். நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்.

வாய் ஊறுது தம்பி.

இல்ல, பசி இல்ல. பிரியாணி வேண்டாம், கையை எடுங்க. பசிக்கு ஊறறது வேற. இது ரெண்டு தாடைக்கும் அடியில இருந்து... அவ சொல்லுவாள்ல... குபுகுபுன்னு...

அப்ப அவ போன்ல சொன்னது இந்த மாதிரி ஊறறதையா?

பஸ்ஸை நிறுத்தச் சொல்லுங்க தம்பி. படிக்கட்டு வரைக்கும் தாங்காது. கண்டக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க. வாயைப் பொத்திக்கிட்டு நான் எந்திரிச்சா நடிக்கறேன்னு நெனைப்பாரு.